ஏலத்தில் இன்னும் இரண்டு குதிரை எடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், வணக்கம். அப்பா புக்கிட் தீமா பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக, வேலை பார்த்தவர். அந்த ஆசையில் நானும் மச்சானும் ஒரு நண்பரும் சேர்ந்து, சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தயத் திடலில் ஓடி ஓய்வுபெற்ற ஒரு குதிரையை வாங்கி இங்கேயே ஒரு லாயத்தில் விட்டிருக்கிறோம். ஒன்பது வயது, காயடித்தது, நியூசிலாந்தில் பிறந்தது. மாதக் கட்டணம் 2,000 வெள்ளியாக இருந்தது, இப்போது 2,700. லாடமும் மருத்துவச் செலவும் தனி. நண்பர் விலகிக்கொள்கிறேன் என்கிறார். மச்சானோ, ஆஸ்திரேலிய இணைய ஏலத்தில் பந்தயக் குதிரைகள் ஆயிரம் வெள்ளிக்கே போகின்றன, இரண்டை எடுத்து ஜொகூரில் மாதம் 800 வெள்ளிக்கு விட்டு, பழக்கி, ரைடிங் பள்ளிகளுக்கு விற்றால் இந்தக் குதிரையின் செலவும் சேர்ந்து வந்துவிடும் என்கிறார். இல்லையென்றால் இதையும் ஏலத்தில் விட்டுவிடலாம் என்கிறார். காலையில் வெளியே கொண்டுவரும்போது இடது முன்கால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, நடந்தால் சரியாகிவிடுகிறது. என்ன செய்யலாம்? – ஈசூன் வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். விற்கலாம், ஆனால் ஏலத்தில் விடாதீர்கள். இரண்டையும்விட முந்தியது அந்த இடது முன்கால், அதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். மச்சான் இந்நேரம் எந்த ஏலத்திலாவது பெயர் பதிந்து முன்பணம் கட்டப் போயிருப்பாரோ என்று பயமாக இருக்கிறது, அதனால் முதலில் அவருடைய யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.

ஏலத்தில் ஒரு குதிரை ஆயிரம் வெள்ளிக்குப் போகிறது என்றால், அந்த ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும், அதில் பயிற்சியாளர்கள், லாயம் வைத்திருப்பவர்கள், வளர்ப்பவர்கள் எல்லோரும் அடக்கம், அதற்கு மேல் ஒரு வெள்ளிகூட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவர்களுக்குக் குதிரை பிடிக்காமல் இல்லை. அடுத்த மாதத் தீனி, அதற்கடுத்த மாத லாடம் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையைக் கீழே போடுகிறார்கள். பராமரிப்புச் செலவு ஏறும்போது முதலில் விழுவது இந்தக் கீழ்த்தட்டுக் குதிரைகளின் விலைதான், மேல்தட்டை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் வின்க்ஸ் என்ற புகழ்பெற்ற குதிரையின் பெண் குட்டி 2024 ஏப்ரலில் ஏலத்தில் 1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. அதே நாட்டில், அதே வருடத்தில், ஓய்வுபெற்ற குதிரையை வைத்துக்கொண்டு யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று தேடுகிறவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் 2007-இல் குதிரை அறுக்கும் கடைசிக் கூடங்கள் மூடப்பட்டன, அடுத்த வருடமே பொருளாதாரம் சரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. கூடங்கள் மூடியதால் மலிவான, நடுத்தரக் குதிரைகளின் விலை 8 முதல் 21 விழுக்காடு வரை குறைந்தது, விலை உயர்ந்த குதிரைகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை என்று அதில் இருக்கிறது. மச்சான் பார்க்கும் மலிவு விலை இந்த வகைதான். இன்று அவர் மலிவாக வாங்குவார், நாளைக்கு அதே மலிவுச் சந்தையில்தான் அவரும் விற்க வேண்டியிருக்கும்.

மச்சான் உடனே டேக்ஓவர் டார்கெட் என்ற குதிரையைச் சொல்வார், ஏலம் என்றாலே எல்லோரும் சொல்கிற பெயர் அது. சொல்லட்டும், நல்ல கதைதான், நமக்கு நெருக்கமான கதையும்கூட. ஜோ ஜானியாக் என்ற டாக்சி ஓட்டுநர் 1,250 ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலத்தில் எடுத்த குதிரை, 60 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது, 2006-இல் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்கட்டில் ஜெயித்தது, 2008-இல் நம் கிராஞ்சிக்கே வந்து கிரிஸ்ஃபிளையர் ஸ்பிரின்ட் பந்தயத்தையும் ஜெயித்துக்கொண்டு போனது. ஆனால் அந்த டாக்சி ஓட்டுநர் குதிரைப் பயிற்சியாளரும்கூட. குதிரையைத் தானே வைத்துத் தானே பழக்கினார், மாதாமாதம் இன்னொருவர் லாயத்துக்குக் காசு கட்டவில்லை. உங்கள் மச்சான் ஜுரோங்கிலோ பிடோக்கிலோ வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமை காஸ்வே நெரிசலைத் தாண்டி ஜொகூர் போய்ப் பார்க்கப் போகிறவர். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. மறுபக்கத்துக் கதையும் உண்டு. 2006-இல் அமெரிக்காவில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போன கிரீன் மங்கி என்ற குதிரை மூன்றே மூன்று பந்தயம் ஓடியது, ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. பெரிய பணமும் பெரிய கண்களும் சேர்ந்து பார்த்த குதிரைக்கே இந்த நிலை என்றால், கைபேசியில் முப்பது விநாடி வீடியோ பார்த்து எடுக்கும் குதிரையைப் பற்றி என்ன சொல்வது?

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு குதிரை 500 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அதன் எடையில் சுமார் 2 விழுக்காடு உலர்தீனி வேண்டும், அதாவது 10 கிலோ, அதில் பெரும்பகுதி காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். மாதம் 300 கிலோ. இரண்டு குதிரைக்கு 600. இந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற நல்ல காய்ந்த புல் கண்டெய்னரில்தான் வருகிறது, அதனால் கப்பல் கட்டணம் ஏறினால் தீனி விலையும் ஏறுகிறது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம். பூச்சி மருந்து, தடுப்பூசி, பல் ராவுதல். இதெல்லாம் குதிரை நன்றாக இருக்கும்போது ஆகும் செலவு. வயிற்றுவலி வந்தால் ஒரே இரவில் ஒரு வருடக் கணக்கு காலியாகும், எந்தக் குதிரைக்கும் அது வரலாம்.

மச்சான் சொல்லும் 800 வெள்ளியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஓட்டத்திலிருந்து வந்த குதிரையை உடனே பள்ளிக்கு விற்க முடியாது. முதலில் சில வாரம் சும்மா விட்டு அதன் உடம்பும் மனமும் இறங்க வேண்டும், அப்புறம் மெதுவாக நடக்க, வளைய, நிற்க, தன் முதுகில் ஒரு குழந்தை தடுமாறினாலும் பதறாமல் இருக்கப் பழக்க வேண்டும். பத்து மாதம் என்பது பெரிய காலமே இல்லை. இரண்டு குதிரை, பத்து மாதம், 16,000 வெள்ளி. இதில் பழக்குபவரின் சம்பளம் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் விமானச் செலவு இல்லை, ரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல், மலேசிய அனுமதிக் கட்டணம் எதுவும் இல்லை. விமானச் செலவு மட்டுமே குதிரையின் விலையைப் போலப் பல மடங்கு. ஆயிரம் வெள்ளி என்பது இந்தக் கணக்கில் ஒரு மூலையில்கூடத் தெரியாது. மொத்தச் செலவுக்கு மேல் விலை கொடுத்து வாங்க ஒரு ரைடிங் பள்ளி முன்வர வேண்டுமே, அவர்களுக்கும் இதே புல், இதே லாடம், இதே சம்பளம்தானே ஏறியிருக்கிறது?

உங்கள் கட்டணம் ஏன் 2,700 ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லாயக்காரர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும் என்று தோன்றியது. பொருள் சேவை வரி 2023-இல் 8 விழுக்காடு ஆனது, 2024-இல் 9 ஆனது. சம்பளம், மின்விசிறிக்கு மின்சாரம் எல்லாம் ஏறின. இவற்றைவிட நான் பெரிதாக நினைப்பது கிராஞ்சி மூடப்பட்டதை. 2023 ஜூனில் அறிவிப்பு வந்தபோது அங்கே சுமார் 700 குதிரைகள் இருந்தன. 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் நடந்தது. 1842-இல் பேரர் பார்க்கில் தொடங்கி, 1933-இல் உங்கள் அப்பா வேலை பார்த்த புக்கிட் தீமாவுக்குப் போய், 1999-இல் கிராஞ்சிக்கு வந்த ஒரு வாழ்க்கை அன்றோடு முடிந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் தேக்காவில் மிச்சம் இருக்கிறது. அத்தனை குதிரைகள் ஒரே இடத்தில் இருந்தபோது புல் கண்டெய்னர்களும் லாடக்காரரும் மருத்துவரும் எக்ஸ்ரே கருவியும் எல்லோருக்கும் பங்கானார்கள். இப்போது மிச்சம் இருக்கும் குதிரைகள் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இது இறங்கும் என்று நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

ஏலத்தில் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சொந்த இடமும் அனுபவமும் இருப்பவர்கள் நேரில் போய்ப் பார்த்து வாங்கலாம், நல்ல குதிரைகள் கிடைக்கின்றன. ஆனால் சுத்தியல் விழுந்த நொடியிலிருந்து குதிரை உங்கள் பொறுப்பு, அன்று இரவே கால் உடைந்தாலும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலான ஏலங்களில், குதிரை பலகையைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் போன்ற குறிப்பிட்ட சில குறைகளை மறைத்திருந்தால் மட்டுமே திருப்பிக் கொடுக்க வழி உண்டு, அதற்கும் குறுகிய கெடு. மற்றதெல்லாம் இருக்கிறபடி விற்பனை. அதனால் ஏலத்துக்குப் போகிறவர் மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் லாயத்தைப் பார்க்க வேண்டும். கதவின் மேல்விளிம்பில் பல் தடம் இருக்கிறதா, மரம் அரித்திருக்கிறதா? முன்கால் இரண்டையும் முட்டிக்குக் கீழே பின்பக்கமாக விரலால் வழித்துப் பாருங்கள், தசைநார் கயிறு போல நேராக ஓட வேண்டும், நடுவில் ஓரிடத்தில் தடித்து வெளியே வளைந்திருந்தால் அது ஒருமுறை கிழிந்து ஆறியது. கடினமான தரையில் நேராக ஓடவிட்டுத் தலையைக் கவனியுங்கள், வலிக்கும் முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். லாடத்தைக் கழற்றிப் பார்க்க முடியாது, ஆனால் குளம்பில் ஓடும் வளையங்களைப் பார்க்கலாம், குதிகால் பக்கம் அகன்றும் முன்பக்கம் நெருங்கியும் இருந்தால் குளம்புக்குள் பழைய நோய் இருந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். நம் ஊர்ப் பக்கம் அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரை வாங்குகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். பெரியவர்கள் மனத் திருப்திக்கு அதையும் பாருங்கள், ஆனால் சுழிக்காகக் குனிகிற அந்த நேரத்தில் குளம்பையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இங்கே இன்னொரு பிரச்சினை உண்டு, குளிர் நாட்டுக் குதிரையை வாங்குகிறவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை. நம் புழுக்கத்துக்கு வந்த சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வேலை முடிந்து நிற்கும் குதிரையின் முதுகும் விலாவும் காய்ந்து கிடக்கும், பிடரி மயிருக்கு அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும், மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு இரைத்துக்கொண்டே இருக்கும், அரைமணி நேரம் கழிந்தும் அடங்காது. மின்விசிறி, நிழல், அடிக்கடி தண்ணீர் ஊற்றுவது, வேலையைக் குறைப்பது என்று சமாளிக்கலாம், சிலவற்றைத் திரும்பக் குளிர் நாட்டுக்கே அனுப்ப வேண்டிவரும். ஆஸ்திரேலியக் குளிரில் எடுத்த வீடியோவில் இது தெரியாது.

இப்போது உங்கள் குதிரை. ஏலத்தில் விட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. குறைந்தபட்ச விலை குறிக்காமல் விட்டால், யார் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று நீங்கள் கேட்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 2019-இல் ஏபிசி தொலைக்காட்சி காட்டியதை நானும் பார்த்தேன், ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகள் அறுப்புக் கூடத்தில் எப்படி நடத்தப்பட்டன என்று. அந்தக் காட்சிகளுக்குப் பிறகு, எந்த உரிமையாளரிடமும் குதிரையின் அடுத்த வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். குறைந்தபட்ச விலை குறித்தால் பாதுகாப்பு உண்டு, ஆனால் அந்த விலைக்குப் போகாமல் திரும்பி வந்தால், அந்தக் குதிரையை யாரும் எடுக்கவில்லையாம் என்ற பேச்சும் கூடவே வரும். அதோடு இங்கிருந்து ஒரு குதிரையை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் செலவில் அதை இங்கேயே பல மாதம் வைத்திருக்கலாம்.

என் யோசனை இது. நண்பர் விலகட்டும், அவரைப் பிடித்து வைக்காதீர்கள், ஆனால் எந்தத் தேதிவரை அவர் பங்கு கட்டுகிறார், குதிரை விற்றால் அவருக்கு என்ன என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெடாமல் இருக்க அதுதான் வழி. அவர் இடத்துக்கு, உங்கள் லாயத்திலேயே குதிரை ஏறக் கற்றுக்கொண்டு சொந்தமாக வாங்க வசதியில்லாத ஒருவர் இருப்பார், வாரத்தில் சில நாள் அவர் ஏறட்டும், மாதச் செலவில் ஒரு பங்கு கட்டட்டும். பாதி லீஸ் என்று கேட்டால் லாயக்காரருக்கே தெரியும். ஒன்பது வயது என்பது நல்ல வயது, குதிரை 25 வருடம் சாதாரணமாக வாழும், அமைதியான குணம் என்றால் தேடி வருவார்கள். வருகிறவருக்குக் குதிரை பழகிப்போனால் பின்னால் அவரே வாங்கவும் வாய்ப்பு உண்டு.

அப்படி யாரும் வரவில்லை, விற்றே ஆக வேண்டும் என்றால், விலைக்காகக் காத்திருக்காதீர்கள். இன்னும் 5,000 வெள்ளி கூடக் கிடைக்கும் என்று ஆறு மாதம் பொறுத்தால் 16,200 வெள்ளி கட்டணமாகப் போயிருக்கும். நல்ல கையில் போகிறதென்றால் குறைந்த விலைக்கே கொடுங்கள், சும்மாகூடக் கொடுக்கலாம், ஆனால் முன்பின் தெரியாதவருக்குச் சும்மா கொடுக்காதீர்கள். நடை, ஓட்டம், யாராவது ஏறிய நிலை மூன்றையும் வீடியோ எடுங்கள், கால் விஷயத்தை விளம்பரத்திலேயே எழுதுங்கள், இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். மறுபடியும் விற்பதானால் முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கால். காலையில் இறுகி, நடக்க நடக்கச் சரியாவது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கம், பந்தயம் ஓடிய குதிரைக்கு இது சகஜம். ஆனால் தசைநார் காயமும் ஆரம்பத்தில் இப்படித்தான் ஏமாற்றும், குளம்புக்குள் இருக்கும் வலியும்தான். நாளைக் காலை குதிரையை வெளியே எடுப்பதற்கு முன்னால், புறங்கையை இரண்டு முன்கால்களிலும் முட்டியிலிருந்து குளம்புவரை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், இடதில் எங்காவது சூடு தெரிகிறதா என்று. அடுத்து, குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரல் வைத்தால் நாடி மெல்லத் தட்டும், வழக்கமாக அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடது காலில் தேடாமலே பலமாகத் துடித்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள், யாரும் ஏறக் கூடாது. அப்படி இல்லையென்றாலும் இந்த மாதத்துக்குள் மருத்துவரைவிட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டு வலி எந்த இடம் என்று பார்த்து, எக்ஸ்ரேயும் தசைநாருக்கு அல்ட்ராசவுண்டும் எடுத்துவிடுங்கள். செலவுதான், ஆனால் லீஸ் என்றாலும் விற்பனை என்றாலும் எதிரில் இருப்பவர் கேட்கப்போகும் முதல் தாள் அதுதான். வலி தீராத நிலைக்குப் போய்விட்ட குதிரை என்றால் அதை யார் தலையிலாவது கட்டிவிடாமல், அது பிறந்ததிலிருந்து மனிதர்களுக்காகவே ஓடியது என்பதை நினைத்து, மருத்துவர் கையால் நிம்மதியாக முடித்துவைப்பதுதான் நம் கடமை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் குதிரை அந்த நிலையில் இல்லை.

லாயத்தில் வெளியேற எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள், பல இடங்களில் ஒரு மாதம் கேட்பார்கள், நண்பரின் கடைசித் தேதியை அதோடு பொருத்துங்கள். எக்ஸ்ரே படங்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், மூட்டுக்கு ஊசி போதுமா, லாடத்தை மாற்றினாலே போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். மச்சானிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.